கோல் போடத் தெரிந்தால் போதுமா? வெளிப்படையாகச் சொல்லிவிட்ட தன்பாலீர்ப்பு ஆட்டக்காரருக்குத் தொழில்முறை அணியில் இடம் உண்டா?

வாசகர் கேள்வி, மண்டபம், 28 ஏப்ரல் 2024

தான் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்ட ஓர் ஆணுக்குத் தொழில்முறைக் கால்பந்து அணியில் இடம் கிடைக்குமா என்று நண்பர்களுக்குள் பேச்சு வந்தது. கோல் போடத் தெரிந்தவனை எந்த அணியும் விட்டுவிடாது, திறமைக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

29 ஏப்ரல் 2024

காரணம் கேட்டதால் முதலில் ஒரு மனிதரின் கதையைத் தேதிகளோடு சொல்கிறேன். மைக்கேல் சாம் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. நாம் ஆடுவது போன்றதன்று அது. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். ஆனாலும் உங்கள் கேள்வியை நேராகச் சோதித்துப் பார்த்தவர் அவர்தான்.

மிசூரி பல்கலைக்கழக அணியில் தடுப்பு வரிசையின் ஓரத்தில் ஆடிய சாம், 2013 ஆகஸ்டில் தான் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று அணித் தோழர்களிடம் சொன்னார். அவர்கள் அந்தச் செய்தியைப் பருவம் முழுவதும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு அணி 12 ஆட்டங்களில் வென்றது, 2 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது. பந்தை எறியவிருக்கும் எதிரணித் தலைவரை 11.5 முறை வீழ்த்திய சாம் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை), தங்கள் பிரிவின் சிறந்த தடுப்பாட்டக்காரராகத் தேர்வானார். அந்தப் பட்டம் பெற்றவர்களைத் தொழில்முறை அணிகள், புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் ஆண்டு ஆளெடுப்பில், வழக்கமாக முதல் சில சுற்றுகளிலேயே எடுத்துக்கொள்ளும். 2014 பிப்ரவரியில் அவர் நாடறியச் சொன்னார். மே மாதம் நடந்த ஆளெடுப்பில் மொத்தம் 256 பேர் எடுக்கப்பட்டார்கள். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவரை 249ஆவது ஆளாக எடுத்தது. ஆகஸ்ட் 30 அன்று இறுதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் பயிற்சிக் குழுவில் சில வாரங்கள் இருந்தார், அக்டோபரில் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார். 2015இல் கனடாவின் மான்ட்ரியல் அணிக்காக ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, மனநலத்தைக் காரணமாகச் சொல்லி விலகினார். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட அவர் களம் இறங்கியதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தேர்வாளர்கள் முன்னால் ஓடியபோது 40 கஜத்தைக் கடக்க அவருக்கு 4.91 விநாடி ஆனது. அந்த இடத்தில் ஆடுபவருக்கு அது மெதுவான ஓட்டம். உடலும் அந்த வரிசைக்குச் சற்றுச் சிறியது என்றார்கள். ராம்ஸ் அணியின் தடுப்பு வரிசையில் ஏற்கெனவே நல்ல ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால், திறமை தெரிந்த எவரையும் நீக்குவதற்கு இத்தகைய உண்மையான காரணம் ஒன்று எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பட்டியலில் நின்ற அத்தனை பேரிடமும் இப்படி ஒரு குறை இருந்திருக்கும்.

30 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதோடு இதைச் சேர்த்துப் படிக்கவும். என்.எஃப்.எல். அணி ஒன்று கோடை முகாமுக்கு 90 பேரை அழைக்கிறது, பருவம் தொடங்கும்போது 53 பேரை வைத்துக்கொள்கிறது. இந்த 53இல் முதல் 30 பேரைப் பற்றி யாருக்கும் ஐயம் எழுவதில்லை. கடைசிச் சில இடங்களுக்குத்தான், ஒருவருக்கொருவர் மயிரிழை வித்தியாசமே உள்ள பலர் மோதுகிறார்கள். இண்டியானாபோலிஸ் அணியைச் சாம்பியன் ஆக்கிய பயிற்றுநர் டோனி டங்கி, தான் பொறுப்பில் இருந்திருந்தால் சாமை எடுத்திருக்கமாட்டேன் என்று 2014 ஜூலையில் வெளிப்படையாகவே சொன்னார். ஆடும் வாய்ப்பு அவருக்குத் தரப்பட வேண்டும், ஆனால் அதனோடு வரும் சங்கடங்களைத் தான் சுமக்க விரும்பவில்லை என்பதே அவர் நிலை.

நம் கரையில் விசைப்படகுக்கு ஆள் சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். முதல் மூன்று பேரை டிரைவர் கைவேலையைப் பார்த்தே எடுப்பார். கடைசி ஆளுக்கு வரும்போது, வேலை தெரிந்த பத்துப் பேர் கரையில் நிற்பதால், இவனை ஏற்றினால் படகில் சலசலப்பு வருமா என்பதே கேள்வியாகிவிடும். மண்டபத்து நண்பர் சொல்லும் திறமை, முதல் மூன்று பேரைக் காப்பாற்றும் திறமை. தொழில்முறைக் கால்பந்தில் நுழைய நினைக்கும் இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் கடைசி இடத்துக்குத்தான் நிற்கிறார்கள்.

4 மே 2024

"அமெரிக்கக் கதை வேண்டாம், உங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்" என்று தொண்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் அனுமதித்த அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்; ஊரையும் ஆண்டையும் விட்டுவிடுகிறேன்.

நான் இராமேசுவரம் தீவில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்பதால், எங்கள் அணிக்கு அதுதான் முழுப் பலமும் கூடுகிற பருவம். எங்களிடம் இடது ஓரத்தில் ஆடும் தம்பி ஒருவர் இருந்தார். ஓடும் வேகத்திலேயே பந்தை உள்பக்கம் வெட்டி இரண்டு பேரைத் தாண்டிவிடுவார். அவரைப் பார்ப்பதற்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். வடக்கே ஓர் ஊரில் எழுவர் ஆட்டத் தொடருக்குப் போனோம். இரவு பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துத் தங்கினோம். அன்றிரவு யாரோ அவருடைய அலைபேசியைப் பார்த்துவிட்டார்கள். காலைக்குள் அணி முழுவதும் செய்தி பரவிவிட்டது.

மறுநாள் யாரும் அவரைத் திட்டவில்லை, அணியிலிருந்து நீக்கச் சொல்லி என்னிடம் வரவும் இல்லை. ஆட்டம் தொடங்கியது. அவருக்குப் பந்து வரவில்லை. ஓரத்தில் தனியாக நின்று கையைத் தூக்கிக் கேட்கிறார். நடுவில் ஆடுபவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மூன்று பேர் அடைத்து நிற்கும் வலது பக்கமே அடிக்கிறார். கச்சான் காற்று எதிரே அடிப்பதால் பந்து அந்தப் பக்கம் ஏறவில்லை என்று ஒருவர் சொன்னார். இடைவேளைக்குப் பின் பக்கம் மாறினோம், காற்று எங்கள் முதுகில் அடித்தது, அப்போதும் வரவில்லை. முதல் பாதியில் ஓடி ஓடிக் கேட்டவர் இரண்டாம் பாதியில் நின்றுவிட்டார். ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த வெளியூர்ப் பயிற்றுநர் ஒருவர் முடிந்ததும் என்னிடம், "இடது பக்கம் நிற்கிற பையன் ஒன்றுமே செய்யவில்லையே" என்றார்.

அந்தப் பயிற்றுநர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஓர ஆட்டக்காரரின் திறமை என்பது அவருக்குப் பந்து வந்த பிறகு நடப்பது. அந்தப் பந்தைக் கொடுப்பது இன்னொருவரின் கால். மற்றவர்கள் கொடுக்க மறுத்தால் அவரிடம் திறமை இல்லை என்றுதான் பார்ப்பவர் எழுதிக்கொண்டு போவார், அந்தக் குறிப்பில் ஒரு சொல்லும் பொய்யாக இருக்காது. திறமைக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுவே முதற்காரணம்.

5 மே 2024

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அணியைக் கூட்டிவைத்து அவரைப் பற்றிப் பேசவில்லை, ஏனென்றால் அதைப் பேசும் உரிமை எனக்குக் கிடையாது. அடுத்த பயிற்சியில், பந்து அந்தத் தம்பியின் காலைத் தொட்ட பிறகே கோல் அடிக்கலாம் என்ற விதியோடு ஆட வைத்தேன். மூத்தவர்கள் இருவரைத் தனியே அழைத்து, தனியாக நிற்கும் ஆளுக்குப் பந்து கொடுக்காதவர் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்காருவார் என்று சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு அணிக்குப் போனார். மற்றவர் அதன் பின் நன்றாகவே ஆடினார். ஆட்டம் பழையபடி ஓடத் தொடங்கச் சில வாரங்கள் ஆயின. ஆனால் அந்தத் தம்பி பிறகு எங்களோடு வெளியூர் வந்து இரவு தங்கியதே இல்லை. கடைசிப் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார். இன்று வேறு ஊரில் வேலையில் இருக்கிறார், அங்கே வார இறுதியில் ஆடுகிறார். தொழில்முறைத் தேர்வு எதற்கும் அவர் போகவில்லை. போகச் சொன்னபோது, "அங்கேயும் ராத்திரி ரூம்ல தங்கணுமே அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

11 மே 2024

மண்டபத்து நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார்: "கார்ல் நாசிப் சொன்ன பிறகும் ஆடினாரே, அதை ஏன் சொல்லவில்லை?" நல்ல கேள்வி. நாசிப்பும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்தான். தான் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று 2021 ஜூன் 21 அன்று சொன்னார். லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணியில் அப்போது ஒப்பந்தத்தில் இருந்தார். அந்தச் செப்டம்பரில் பால்டிமோர் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் எதிரணித் தலைவரைப் பந்தைப் பறிகொடுக்கச் செய்ததுதான் அன்றைய வெற்றிக்கு வழிவிட்டது. அடுத்த ஆண்டு டாம்பா பே அணிக்கு ஆடினார், 2023இல் ஓய்வு பெற்றார். வெளிப்படையாக இருந்துகொண்டே அந்த லீக்கில் முறையான ஆட்டம் ஆடிய முதல் மனிதர் அவர்.

ஆனால் அவர் சொன்ன நேரத்தைக் கவனியுங்கள். 2016இல் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டு, ஐந்து பருவங்கள் ஆடி முடித்து, பெரிய தொகைக்கு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 2019 ஆகஸ்டில், ரயன் ரசல் என்ற ஆட்டக்காரர் தான் இருபாலீர்ப்பு உள்ளவர் என்று சொன்னார். அவரும் லீக்கில் ஆடிய அனுபவம் உள்ளவர், ஆனால் அப்போது கையில் ஒப்பந்தம் இல்லை. திரும்பி வர விரும்பினார். எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. சாமும் ரசலும் வாசலில் நின்று சொன்னவர்கள், நாசிப் உள்ளே அமர்ந்த பிறகு சொன்னவர். மூவரை வைத்து விதி எழுத முடியாது என்பது தெரியும். ஆனாலும் ஆபத்து முழுவதும் வாசலில் குவிந்திருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டுவிட்டது.

நம் கால்பந்திலும் இதே போக்கைக் காணலாம். இங்கிலாந்தில் பத்து இலட்சம் பவுண்டுக்கு விலைபோன முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஜஸ்டின் ஃபஷானு 1990இல் சொன்னார். உடன்பிறந்த தம்பியே அவரைப் பகிரங்கமாக விலக்கிப் பேசினார். 1998இல், 37 வயதில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குப் பின் இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருக்கும் தொழில்முறை ஆண் ஒருவர் சொல்ல 2022 மே வரை ஆனது: பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், அப்போது வயது 17. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் அங்கே எத்தனை ஆயிரம் பேர் ஆடியிருப்பார்கள் என்பதை நண்பரே எண்ணிக்கொள்ளட்டும்.

12 மே 2024

ராபி ராஜர்ஸைச் சேர்க்காமல் விட்டால் நியாயம் ஆகாது. நம் கால்பந்தில் அமெரிக்க தேசிய அணிக்கு ஆடிய அவர், 2013 பிப்ரவரியில் உண்மையைச் சொன்ன அதே நாளில் ஆட்டத்திலிருந்தும் விலகினார். மூன்று மாதம் கழித்து லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி அணி அவரை அழைத்தது. மே 26 அன்று களம் இறங்கினார், அடுத்த ஆண்டு அந்த அணி லீக் கோப்பையை வென்றபோது தடுப்பு வரிசையில் இடது ஓரத்தில் நின்று ஆடினார். அழைக்க மனமுள்ள ஒரு பயிற்றுநர் இருந்தால் போதும் என்பதற்கு இது சான்று.

14 மே 2024

"இதெல்லாம் நம் மண்ணுக்கு ஒவ்வாத பேச்சு, சட்டத்துக்கும் விரோதம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மண்ணைப் பற்றி: நான் மேலே சொன்ன தம்பி இந்த மண்ணில் பிறந்து, இந்த மணலில் ஆடி வளர்ந்தவர். சட்டத்தைப் பற்றி: 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் உறவுக்கு அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே இதில் குற்றம் என்று எதுவும் இல்லை.

ஆனால் குற்றமில்லை என்பதும் வேலைக்குப் பாதுகாப்பு உண்டு என்பதும் வேறு வேறு. 2019ஆம் ஆண்டுச் சட்டம் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது, ஆனால் அது திருநர்களுக்கான சட்டம். தன்பாலீர்ப்பு உள்ள ஓர் ஆணைத் தனியார் அணி ஒன்று அந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கினால், அதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் அவருக்கு இல்லை. பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்பின் 15, 16ஆம் உறுப்புகள் வேலை விஷயத்தில் அரசைக் கட்டுப்படுத்துபவை. இங்கேதான் நம் பையன்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கடற்கரை ஊர்களிலிருந்து கால்பந்தை நம்பிப் போகிறவர்களுக்குப் பிழைப்பு என்பது பெரும்பாலும் தொலைக்காட்சியில் வரும் லீக் அன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ரயில்வே வேலை, அரசு வங்கி வேலை, வருமான வரித் துறை வேலை. அந்த அணிகளை நடத்துவது அரசோ அரசின் கையிலுள்ள நிறுவனமோ. அங்கே ஒருவரை இந்தக் காரணத்துக்காக விலக்கினால், நீதிமன்றத்தில் கேட்க இடம் இருக்கிறது. தனியார் அணியில் இடம் தேடும் ஒருவரைவிட ரயில்வே அணியில் நிரந்தர வேலை கிடைத்த ஒருவர் துணிந்து வாழ முடியும் என்று நான் நம்புகிறேன். காரணம், அங்கே ஆட்டம் நின்றாலும் சம்பளம் நிற்காது.

19 மே 2024

பெண்கள் கால்பந்தில் நிலைமை வேறாக இருக்கிறதே என்ற கேள்விக்கு: ஆம், மிகவும் வேறு. அமெரிக்க அணியின் மேகன் ராபினோ 2012இல் சொன்னார். 2019 உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் அதிக கோல் விருதையும் சேர்த்தே வாங்கினார். அந்தக் கோப்பையில் ஆடிய பல அணிகளில் வெளிப்படையாக இருந்த பெண்கள் உண்டு. முன்னே சொன்னவர்கள் நிலைத்துவிட்டதால் பின்னே வருபவருக்கு அது செய்தியாகவே இருப்பதில்லை.

நம் பக்கத்தில் பெண்ணுக்குத் தடை அணியில் தொடங்குவதற்கு முன் வீட்டில் தொடங்கிவிடுகிறது. ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரு இளம்பெண்களைப் பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்துத் தேடிய வழக்கில்தான், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் காவல்துறை துன்புறுத்தக் கூடாது என்றும், இத்தகையவர்களை "மாற்றுகிறோம்" என்று சொல்லும் சிகிச்சைகள் கூடாது என்றும் உத்தரவிட்டார். ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் 2019 மே மாதம் சொன்னபோது குடும்பமே எதிர்த்தது. ஆனால் அந்த ஜூலையிலேயே நேப்பிள்ஸ் நகரில் உலகப் பல்கலைக்கழகப் போட்டியின் 100 மீட்டரில் தங்கம் வென்றார். ஓட்டத்தில் கடிகாரம்தான் தேர்வாளர். அதற்கு யாரும் பந்து கொடுக்க வேண்டியதில்லை. கால்பந்து ஆடும் பெண்ணுக்கோ ஆணுக்கோ அந்த வசதி கிடையாது.

26 மே 2024

பார்வையாளர்களைப் பற்றி இருவர் கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அணியின் ஜோஷ் கவாலோ 2021 அக்டோபரில் சொன்னார். சில மாதங்களுக்குள் ஓர் ஆட்டத்தில் கூட்டத்திலிருந்து அவரை இழிவாகக் கூவினார்கள். கூட்டத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அந்த நேரத்தில் அணி என்ன செய்கிறது என்பது. 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ லாயல் அணியில் வெளிப்படையாக இருந்த காலின் மார்ட்டினை எதிரணிக்காரர் ஒருவர் இழிசொல் சொன்னார். அப்போது லாயல் அணி 3-1 என முன்னிலையில் இருந்தது. பயிற்றுநர் லாண்டன் டொனோவனும் ஆட்டக்காரர்களும் இரண்டாம் பாதியில் களத்தை விட்டு வெளியேறினார்கள். வெற்றியும் போனது, அடுத்த சுற்று வாய்ப்பும் போனது.

எங்கள் மைதான ஓரத்திலும் இத்தகைய சொற்கள் பறக்கும். பந்தைத் தவறவிட்ட பையனைப் பெரியவர்களே அப்படி அழைப்பார்கள், வெறும் பழக்கத்தில். எங்கள் அணி ஆடும்போது இந்தச் சொல் வந்தால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நடுவரிடம் கேட்பது என்று முடிவு செய்து நடத்திவருகிறோம். முதலில் சிரித்தார்கள். இப்போது கூட்டத்தில் ஒருவர் சொன்னால் பக்கத்தில் நிற்பவரே அடக்குகிறார்.

2 ஜூன் 2024

மண்டபத்து நண்பர் கடைசியாகக் கேட்டிருப்பது: "அப்படியானால் தேர்வுக்குப் போகும் பையன் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?" அவருடைய கேள்வியின் அடியில் ஒரு குறிப்பிட்ட பையன் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

மறைக்கச் சொல்லும் உரிமையும் சொல்லச் சொல்லும் உரிமையும் பயிற்றுநருக்கோ நண்பருக்கோ இல்லை. மறைப்பதற்கும் விலை உண்டு. அறைத் தோழனிடம் பேச்சைக் குறைத்து, அலைபேசியைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு கேலிக்கும் சேர்ந்து சிரித்துக்கொண்டு ஆடும் பையனுக்குக் களத்தில் பாதிக் கவனம்தான் மிஞ்சும். சொல்வதற்கான விலையை மேலே எழுதிவிட்டேன். நம் பையன்களுக்கு என் எண்ணம் இது: முதலில் பந்து கொடுக்கும் இருவரிடம் சொல்லலாம். மிசூரி அணியில் நாட்டுக்கு முன் தோழர்களுக்குத் தெரிந்திருந்தது, அந்தப் பருவம்தான் சாம் ஆடியதிலேயே சிறந்த பருவம். நாட்டுக்குச் சொல்வதற்கு ஒப்பந்தம் கையில் வரும்வரை பொறுப்பது கோழைத்தனம் அல்ல. வாய்ப்பு உண்டா என்ற மூலக் கேள்விக்கு என் பதிலும் இதுவே: உண்டு, ஆனால் அவரைவிடத் திறமை குறைந்த ஒருவருக்கு இருக்கும் வாய்ப்பைவிடக் குறைவாக உண்டு. அந்த வித்தியாசத்தை இல்லாமல் செய்வது பையனின் கடமையாக இருக்க முடியாது. தேர்வை நடத்துகிறவர்களின் கடமை அது.

4 ஜூன் 2024

தேர்வை நடத்துகிறவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்ட கீழக்கரை அண்ணனுக்கு: இந்த ஆண்டு எங்கள் இளையோர் தேர்வில் ஒரு தாள் வைக்கிறோம். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வரிசை. ஓட்டம், இரு காலிலும் பந்துக் கட்டுப்பாடு, தலையால் ஆடுதல், இடம் பார்த்து நிற்றல் ஆகியவற்றோடு, "கேட்ட பந்துகள்", "வந்த பந்துகள்" என்று இரண்டு கட்டங்கள். தனியாக நின்று கேட்டவருக்குப் பந்து வரவில்லையென்றால் அவரை வேறு ஆட்களோடு சேர்த்து மறுபடி ஆடவைத்த பிறகே முடிவு எழுதுவோம். எடுக்கப்படாதவருக்குக் காரணம் எழுதிக் கையில் தருவோம். இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் தேர்வு நடத்தும் நண்பர்களிடமும் இந்தத் தாளைக் காட்டப் போகிறேன்.

தடைக்காலம் முடியும் முன், 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தங்கச்சிமடத்தில் எங்கள் தேர்வு. பந்தை எண்ணி எழுத இரண்டு பேர் வேண்டும், ஆட்டத்தில் மகன் இல்லாதவராக இருக்க வேண்டும். வர முடிந்தவர்கள் இங்கேயே பெயர் கொடுங்கள்.